மரேட் வீட்டுக் காற்று

“மரேட், வீட்டுல என்ன எரியுது?”

ஜன்னல் விளிம்பில் ஸ்பீக்கரில் கிடந்த போன்தான் கேட்டது. ப்ரோனா அப்போது மரேட்டின் இடது காலுக்குப் பின்பக்கம் ஸ்ப்ரே கன்னை மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டிருந்தாள். குரல் கேட்டதும் விசையிலிருந்து விரலை எடுத்தாள். மூச்சையும் சேர்த்து நிறுத்திக்கொண்டாள்.

மரேட் அறை நடுவில் விரித்த சின்னத் துணிக் கூடாரத்துக்குள் காகித உள்ளாடையும் காகிதத் தொப்பியுமாக, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சோளக்கொல்லை பொம்மைபோல நின்றாள்.

“ஒண்ணும் எரியலையே” என்றாள், அசையாமல்.

“போன்ல காத்து மஞ்சளுக்கு வந்திருக்கு. சாப்பிடப் போறப்ப பச்சையா இருந்துது.”

“மெழுகுவத்தி ஏத்தினேன், கொலம்.”

“மெழுகுவத்தியா! இந்த வீட்டுலயா! எத்தனை தடவை சொல்லியிருக்கேன், இது சாதாரண வீடு இல்லை, தெர்மாஸ் பிளாஸ்க்குன்னு? உடனே அணை.”

“அணைச்சுட்டேன்.”

“அணைச்சா புகை வருமே!”

அவன் போனை வைத்ததும் மரேட் கூடாரத்தின் வாய் வழியாக ப்ரோனாவைப் பார்த்தாள். ப்ரோனா தன் இயந்திரத்தைப் பார்த்தாள். அது ஒரு பாவமும் அறியாததுபோலத் தரையில் உறுமிக்கொண்டிருந்தது.

“என்னாலதான்” என்றாள் ப்ரோனா, மாஸ்க்குக்குள்ளிருந்து.

அவளுக்கு எப்போதும் அப்படித்தான். எங்கே எது நடந்தாலும் முதலில் தன் கையைத்தான் பார்த்துக்கொள்வாள். அயர்லாந்தின் என்னிஸ் ஊர்க் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடை கவுன்ட்டரில் வெகுகாலம் நின்றவள். கடையை மூடியபோதுகூட, தான் யாரிடமோ முகம் கொடுத்துப் பேசாததுதான் காரணம் என்று ஒரு வாரம் தூங்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தத் தொழில். காரின் பின்பக்கத்தில் கூடாரம், கம்ப்ரஸர், நிறக் கரைசல். வீடு வீடாகப் போய், வெளுத்த பெண்களை மாநிறமாக்கிவிட்டு வருவாள். தெறிக்கும் சாரல் சுவரில் படாமலிருக்க வடிகட்டி வைத்த பெரிய உறிஞ்சு விசிறி ஒன்றும் வாங்கியிருந்தாள். அந்த விசிறி ஒன்றுதான் அவளுக்கு ராத்திரித் தூக்கம் கொடுத்தது.

மறுநாள் ஊர் மாதா கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் அத்தனை பேருக்கும் அதற்குள் கடற்கரைக்குப் போய்வந்த மாதிரி தெரிந்தாக வேண்டும். ஊர் அழகு நிலையங்களில் இடமே இல்லை. அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவள் மரேட். அவள் ‘நல்லா இருக்கு’ என்று ஒரு வரி போட்டால் ப்ரோனாவுக்குக் கோடை முழுக்க வேலை. வேறு மாதிரி ஒரு வரி போட்டால் காரை விற்றுவிட வேண்டியதுதான்.

இதில் சிக்கல், மரேட்டின் கணவன் கொலம். லிம்ரிக்கில் எஞ்சினியர். ஒரு பொட்டுக் காற்றும் தப்பாத வீடு ஒன்றை ஆசை ஆசையாகக் கட்டியிருந்தான். ஜன்னல் திறப்பதில்லை. பரணில் இருக்கும் மெஷின்தான் வீட்டுக்காக மூச்சு விடும். அது விடும் மூச்சை அவன் ஆபீஸில் உட்கார்ந்தபடி போனில் பார்ப்பான். போன வருடம் மரேட்டின் தங்கை இந்த வீட்டுக் குளியலறையில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு, வெள்ளை டைல்ஸ் இடுக்கெல்லாம் பிஸ்கட் நிறமான பிறகு, ‘இனிமே இந்த வீட்டுக்குள்ள அந்தச் சாயம் வரக்கூடாது’ என்று உத்தரவு போட்டிருந்தான். டவுனில் போய் அடித்துக்கொண்டதாகத்தான் மரேட் அவனிடம் சொல்லப்போகிறாள்.

“விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைங்க, ப்ரோனா” என்றாள் மரேட். “பச்சைக்கு வந்துடும்.”

ப்ரோனா குமிழைக் கடைசி வரை திருகினாள்.

விசிறி வேலையில் குறை வைக்கவில்லை. அறையில் இருந்த காற்றை இழுத்தது, கூடாரத்தில் இருந்த காற்றை இழுத்தது, பிறகு கூடாரத்தையே இழுத்தது. கறுப்புத் துணி உள்பக்கமாகச் சுருங்கி, இன்னும் காயாத மரேட்டின் இடது பக்கம் முழுக்க ஈரத் துணிபோல ஒட்டிக்கொண்டது.

“ப்ரோனா!”

“அசையாதீங்க கண்ணு, அசையாதீங்க!”

துணியைப் பிரித்து எடுத்தபோது, தோள் முதல் கணுக்கால் வரை வரிக்குதிரை மாதிரி கோடு விழுந்திருந்தது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள் மரேட். அவளால் திரும்பிப் பார்க்க முடியாது.

“லேசா... தொட்டுவிடணும்” என்றாள் ப்ரோனா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

போன் மறுபடி அடித்தது. ப்ரோனா முழங்கையால் திரையைத் தட்டி அழைப்பை எடுத்தாள்.

“மரேட், சிவப்பு! மெழுகுவத்தியை அணைச்சியா இல்லையா?”

“தண்ணியில முக்கியே போட்டுட்டேன்!”

“சரி, பதறாதே. நான் இங்கேர்ந்தே மெஷின் வேகத்தைக் கூட்டறேன். பார், கூட்டிட்டேன். சத்தம் கேக்குதா?”

இரண்டு பெண்களும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். பரணிலிருந்து ஒரு மாற்றமும் கேட்கவில்லை.

“கேக்குது, கேக்குது” என்றாள் மரேட்.

“அதான் எஞ்சினியரிங். அஞ்சு நிமிஷத்துல பார், எப்படிக் குறையுதுன்னு.”

குறையவில்லை. சற்றுப் பொறுத்து அவனிடமிருந்து ஒரு வரி வந்து விழுந்தது: ‘இன்னும் ஏறுது!!’

ப்ரோனா அறையைச் சுற்றிப் பார்த்தாள். பார்க்கப்போனால் அங்கே ஒரு பனிமூட்டமும் இல்லை. சோபாவுக்கு மேல் அவள் விரித்திருந்த வெள்ளை விரிப்பில் ஒரு புள்ளி இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத துளிதானே நுரையீரலுக்குள் போகும்? பயிற்சி வகுப்பில் அதைத்தானே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்? தன் விசிறி இத்தனை நாளாக ஊரையே ஏமாற்றியிருக்கிறது. இதுவரை போன வீட்டுப் பெண்களெல்லாம் வரிசையாக இருமுவதுபோல அவள் காதில் கேட்டது.

“ஒரே ஒரு ஜன்னலை விரல்கடை திறக்கட்டுமா?”

“கொலம் கொன்னுடுவான்.”

“காத்து கொல்றதுக்கு அது தேவலையே கண்ணு.”

அந்த ஜன்னல் கட்டிய நாள் முதல் திறக்கப்படாதது. ப்ரோனா இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். அது முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே வந்தது மே மாதத்து ஈரக் காற்றும், அதோடு தெளிவாக ஒரு கருகல் வாடையும்.

இரண்டு பேரும் மோந்து பார்த்தார்கள்.

“ஏதோ தீயுது” என்றாள் மரேட்.

ப்ரோனா சட்டென்று திரும்பினாள். விசிறி! கடைசி வரை திருகி வைத்தோமே, மோட்டார் கருகுகிறது! பாய்ந்து போய் ஒயரைப் பிடுங்கினாள். விசிறி பெருமூச்சு விட்டு நின்றது. தொட்டுப் பார்த்தாள், சூடாகத்தான் இருந்தது. இவ்வளவு நேரம் ஓடிய எந்த மோட்டாரும் சூடாகத்தான் இருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை.

“நீங்க பாதியில விட்டுட்டுப் போகமாட்டீங்கதானே?” என்றாள் மரேட். “எனக்கு வலது பக்கம் இன்னும் பால் மாதிரி இருக்கு.”

“விசிறி இல்லாம அடிச்சா...”

“நாளைக்குப் பலிபீடத்துக்குப் பக்கத்துல முதல் வரிசையில உட்காரணும், ப்ரோனா. ஒரு பக்கம் ஸ்பெயின், ஒரு பக்கம் அயர்லாந்துன்னு உட்கார முடியுமா?”

ப்ரோனா வலது கை விரல்களிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள். இந்த முறை பனிமூட்டம் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. கூடாரத்தின் வாயிலிருந்து மெதுவாக மிதந்து வெளியே வந்து, போகிற வழி தெரியாத விருந்தாளிபோல அறை நடுவில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு டிவி திரை மேல் போய் உட்கார்ந்தது. ப்ரோனா ஈரத் துடைப்பானால் அதைத் துடைத்தாள். புள்ளி புள்ளியாக இருந்தது இப்போது பட்டை பட்டையாக ஆயிற்று. இன்னொரு முறை துடைத்தாள். திரை முழுக்க ஒரே சீராகத் தேநீர் நிறம் வந்தது.

“அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றாள் மரேட், பல்லைக் கடித்துக்கொண்டு. “படம் பழசா தெரியும், அவ்வளவுதானே.”

போன் மூன்றாவது முறை அடித்தது. இந்தத் தடவை கொலத்தின் குரலில் அதட்டல் இல்லை.

“மரேட், ஊதா. ஊதான்னு ஒரு நிறம் இருக்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து போட்டுட்டு வெளியே ஓடு!”

“நீயா ஜன்னலைத் திறக்கச் சொல்றே?”

“திற! வெளியே போய் நில்லு!”

“இந்தக் கோலத்துலயா?”

“எந்தக் கோலம்?”

“ஒண்ணுமில்லை. ஓடறேன்.”

“நான் கிளம்பிட்டேன். கார்லேர்ந்துதான் பேசறேன்.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் ப்ரோனா பின்னாளில் யாரிடமும் வரிசையாகச் சொன்னதில்லை. அவள் கீழே வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் திறந்தாள். மரேட் உள்ளங்காலில் சாயம் படாமலிருக்க ஒட்டிய காகித அட்டைகள் பட் பட் என்று சத்தமிட மாடிக்கு ஓடி, அங்கிருந்த ஜன்னல்களைத் திறந்தாள். அட்லாண்டிக்கிலிருந்து புறப்பட்டு வருகிற காற்று, இத்தனை காலமும் இந்த வீட்டுக்குள் நுழைய முடியாத கோபத்தோடு இருந்ததுபோல, இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. கூடாரம் எழுந்து கூரையில் முட்டி, குடைபோலத் திரும்பிக்கொண்டு சமையலறை வரை போயிற்று.

மாடியில் ஒரு அலறல் கேட்டது.

ப்ரோனா ஏறி ஓடினாள். மரேட்டின் மகள் ரோஷீன் கோயிலில் ஒத்திகைக்குப் போயிருந்தாள். அவள் அறை அலமாரியில் மறுநாளைக்கான வெள்ளை உடை தொங்கிக்கொண்டிருந்தது. காற்று அதை ஹேங்கரோடு தூக்கி ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோகப் பார்த்திருக்கிறது. மரேட் பாய்ந்து பிடித்துவிட்டாள். இரண்டு கையாலும், இடுப்பில், நன்றாக அழுத்தி.

உடை தப்பித்தது. அதன் இடுப்பின் இரண்டு பக்கமும் பத்து விரலும் தெளிவாக, மாநிறத்தில்.

மரேட்டின் கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்து ப்ரோனா அவசரமாகக் கையை நீட்டினாள். “அழாதீங்க! கோடு விழும்!”

“ரோஷீன்... அவ போன மாசத்துலேர்ந்து இதைத் தடவித் தடவிப் பார்த்துட்டிருக்கா...”

“கண்ணு, இங்க பாருங்க. இது மேல்சாயம்தான். தோலைத்தான் பிடிக்கும், துணியை உடனே பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவற சோப்பு. தேய்க்கக் கூடாது, அலசணும். என்கிட்ட கொடுங்க.”

ப்ரோனாவுக்கே தன் குரல் இவ்வளவு திடமாக வந்தது ஆச்சரியமாக இருந்தது. குளியல் தொட்டியருகே மண்டியிட்டு அலசினாள். தண்ணீர் தேநீராகி, இளந்தேநீராகி, கடைசியில் தண்ணீரே ஆயிற்று. விரல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. இடுப்பு வெளுத்தது. ப்ரோனா உடையைத் தொட்டியின் கம்பியில் விரித்துப் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்தாள்.

மரேட்டுக்கு அந்த நிம்மதி போதவில்லை.

“வலது பக்கம்” என்றாள்.

“கண்ணு, உங்க வீட்டுக்காரர் வந்துட்டிருக்கார்.”

“அதனாலதான் சொல்றேன். கோட்டையும் சரிபண்ணி, மீதியையும் முடிச்சுடுங்க. டவுன்ல அடிச்சதுன்னு சொல்லணும்னா முழுசா இருக்கணும். டவுன்ல யாரும் பாதி அடிச்சு அனுப்பமாட்டாங்க.”

கூடாரம் இல்லை. விசிறி போய்விட்டது. இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்து கிடந்த மாடி நடையில் மரேட் நின்றாள். ப்ரோனா காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று விரலை எச்சில் தொட்டுப் பார்த்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு விசையை அழுத்தினாள். நன்றாகத்தான் போயிற்று. கோடுகள் மறைந்தன. வலது தோள், வலது கை. ‘அப்பாடா’ என்று அவள் நினைத்த அந்த நொடியில் காற்று மனம் மாறித் திரும்பியது.

சாரல் முழுவதும் ப்ரோனாவின் முகத்தில் வந்து விழுந்தது. இருமிக்கொண்டே மாஸ்க்கைக் கழற்றினாள்.

கீழே கார் பிரேக் அலறியது. கார்க் கதவு சாத்தப்படவில்லை. யாரோ படிகளை மூன்று மூன்றாகத் தாண்டி வந்தார்கள்.

கொலம் வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கையில் தீயணைக்கும் சிவப்பு உருளையோடு மாடி நடையில் வந்து நின்றான். எதிரே இரண்டு பெண்கள். ஒருத்தி காகித உள்ளாடையில், வலது காலைத் தவிர மற்றபடி பழுப்பாக. இன்னொருத்தி முழுக்க உடுத்தியிருந்தாள். முகத்தின் மேல்பாதி மட்டும் பழுப்பு, மாஸ்க் மறைத்திருந்த கீழ்ப்பாதி சுண்ணாம்பு வெள்ளை.

கொலம் உருளையின் முனையை மெதுவாகத் தாழ்த்தினான்.

“டவுனுக்குப் போய்...” என்று ஆரம்பித்தாள் மரேட். கையிலிருந்த ஸ்ப்ரே கன்னைப் ப்ரோனா முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அது இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மரேட் நிறுத்திக்கொண்டாள்.

“தப்பு என் மேலதான் சார்” என்றாள் ப்ரோனா. “அவங்க மேல ஒண்ணும் இல்லை. என் விசிறி சரியில்லை. நல்ல விசிறின்னு நம்பிட்டேன். உங்க டிவி, உங்க வீட்டுக் காத்து, எல்லாம் என்னாலதான் கெட்டுது. குழந்தை உடையிலயும்... அது போயிடுச்சு, அலசிட்டேன். நாளையோட இந்தத் தொழிலை விட்டுடறேன். இன்னிக்கே விட்டுடறேன்.”

கொலம் உருளையைக் கீழே வைத்தான். கைக்குட்டையை அவிழ்த்தான்.

“நீ மயங்கி விழுந்து கிடப்பேன்னு நினைச்சுக்கிட்டு வந்தேன், மரேட்” என்றான். “வழியெல்லாம் அதே நினைப்பு. சாயமா! வெறும் சாயமா! உனக்கு வேணும்னா வீட்டையே அந்த நிறத்துல அடிச்சுக்கோயேன், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு.”

மரேட் இப்போது நிஜமாகவே அழுதாள். கன்னத்தில் கோடு விழுந்தது. இந்தத் தடவை ப்ரோனா தடுக்கவில்லை.

கொலம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். புருவம் சுருங்கியது. போனைத் தட்டினான். ஜன்னலைப் பார்த்தான். திரைச்சீலைகள் கூரையைத் தொட்டு ஆடிக்கொண்டிருந்தன. அவன் தலைமுடி பறந்தது. மறுபடி போனைப் பார்த்தான்.

“இது எப்படி? வீட்டுக்குள்ள புயல் அடிக்குது, அப்பவும் ஊதாவாவே நிக்குது. ஏம்மா, அப்படி என்னதான் கலந்து அடிச்சீங்க?”

ப்ரோனாவின் முகத்தில் வெள்ளையாக இருந்த பாதி இன்னும் வெளுத்தது. “கரும்புச் சத்துன்னு டப்பால போட்டிருந்துது சார்...”

“கொலம் தம்பி! வீட்டுல இருக்கியா?”

கீழே திறந்து கிடந்த வாசலிலிருந்து ஒரு குரல், அதைத் தொடர்ந்து நெடிய இருமல். பக்கத்து வீட்டு ஃபிடெல்மா ஏப்ரனோடு படியடியில் வந்து நின்றாள். மூக்கு நுனியில் கரி. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது. மாடியில் இருந்த மூன்று பேரின் நிறத்தைக் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை.

“இந்த மூச்சு மெஷின் விஷயம் உனக்குத்தான் தெரியும், கொஞ்சம் எங்க வீட்டுக்கு வந்து பாரேன், தம்பி. நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஒரே பையன்தானே ஒரே நாள்ல வந்து மெஷினை மாட்டி போன்ல சேர்த்துட்டுப் போனான், என்ன பண்ணித் தொலைச்சானோ. ரோஷீன் விருந்துக்குன்னு வாத்துக் கொழுப்புல உருளைக்கிழங்கு வறுக்கப் போய், மத்தியானத்துலேர்ந்து தட்டுத் தட்டா கருகி, வீடு முழுக்கப் புகை, என் கை எனக்குத் தெரியலை. ஜன்னலைத் திறக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் உத்தரவு வேற. அந்த மனுஷன் என்னடான்னா டப்ளின்ல உட்கார்ந்துக்கிட்டு, போனைப் பார்த்துப் பார்த்து எனக்கு போன் பண்றார்: ‘ஃபிடெல்மா, நம்ம வீட்டுக் காத்து இன்னிக்கு மாதிரி சுத்தமா என்னிக்கும் இருந்ததே இல்லை’ன்னு!”